புதுப் பைப் வாங்க முதல் ஒருக்கா இதைப் பாருங்கோ

எங்கட கட்டடத்தில் லிஃப்ட் மாற்றினார்கள், யன்னல் மாற்றினார்கள், லொபிக்கு இரண்டு தரம் ரைல் போட்டார்கள். குளியலறைப் பைப் மட்டும் கட்டின நாளிலிருந்து அதேதான். ரொறன்ரோவில் எங்கட சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகள் எழும்பினது 1960களில். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கனேடிய நகரத்தின் பெயரைப் பெருமையாக வைத்தார்கள். அந்தக் காலத்துப் பைப்புக்கு இப்ப கடையில் சோடி கிடைக்காது. ஆனால் அவை கழற்றித் திருத்தவென்றே செய்தவை. உள்ளுக்குள் பழுதாகிறது அனேகமாக ஒரு சின்ன ரப்பர் வாசர்தான். போதாக்குறைக்கு, தம்பி குடும்பத்தோடு பங்குக்கு 1970களின் ட்ரெய்லர் ஒன்றையும் வாங்கி அதோடு மல்லுக்கட்டினோம். அப்படிப் பிடிபட்டதுகளை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுறன்.

1. ஸ்பனரைத் தூக்க முதல் இது யாருடைய வேலை என்று பாருங்கோ. வாடகை வீட்டில் பைப், ரொய்லெற், சிங்க் எல்லாவற்றையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. நீங்கள் குடிவரும்போதே பழுதாக இருந்தது என்றாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

2. முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுதிக் குடுத்து, அந்தத் தாளை போனில் படம் எடுத்து வையுங்கோ. 2017இல் ரொறன்ரோ நகரசபை தொடங்கின ரென்ற்சேஃப் திட்டத்தின்படி அவசர முறைப்பாட்டுக்கு 24 மணித்தியாலத்துக்குள்ளும் மற்றதுகளுக்கு 7 நாளுக்குள்ளும் கட்டடக்காரர் பதில் தரவேணும். தராவிட்டால் 311க்கு எடுங்கோ. அப்ப அந்தப் படம் கைகுடுக்கும்.

3. பிறகேன் நாங்கள் கை வைக்கிறது என்று கேட்பீங்கள். ஆள் வரும்வரைக்கும் இரவு முழுக்கச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு படுக்கேலாது, அதுதான். சுப்பரின்ரென்டனிடம் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாசர், சல்லடை, ஃபிளாப்பர் மாதிரிச் சின்ன வேலைகளை மட்டும் செய்யுங்கோ; சுவருக்குள் போற குழாயைத் தொடவேண்டாம்.

4. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நம்பிக்கை வராவிட்டால் இரவு ஒரு வாளியை வைத்துப்போட்டுப் படுத்துப் பாருங்கோ. சுடுதண்ணிப் பக்கம் ஒழுகினால் தண்ணியோடு சேர்த்து அதைச் சுடாக்கின காசும் போகுது.

5. சிங்குக்குக் கீழே தண்ணி பூட்டுற சின்ன வால்வு இருக்கும். ஆனால் பழைய மாடிகளில் பாத்ரப்புக்கு அனேகமாகத் தனி வால்வு இல்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் அந்த வரிசை முழுக்கத் தண்ணியை நிப்பாட்டினால்தான் கழற்றலாம். உங்கட வரிசையில் வேறு எவருக்காவது தண்ணி நிப்பாட்டப்போறோம் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினால், வாசரை முதலே வாங்கி வைத்து, சுப்பரின்ரென்டனுக்கும் சொல்லி, அந்த நேரத்திலேயே உங்கட வேலையையும் முடியுங்கோ.

6. வருசக்கணக்காகத் திருப்பாத வால்வை ஒரே மூச்சில் பூட்டப் பார்க்காதேங்கோ. கொஞ்சம் பூட்டி, கொஞ்சம் திறந்து, திரும்பக் கொஞ்சம் பூட்டி, சின்னப்பிள்ளைக்குத் தீத்துற மாதிரிப் பொறுமையாகச் செய்யுங்கோ. திருப்பின பிறகு தண்டடியில் கசிந்தால் அங்கே இருக்கிற நட்டைக் கால் சுற்றிலும் குறைவாக இறுக்கினால் போதும்.

7. அந்த வால்வுகளை வருசத்துக்கு இரண்டு தரம் சும்மா பூட்டித் திறவுங்கோ. நேரம் மாற்றுற நாளில் மணிக்கூட்டோடு இதையும் செய்தால் மறக்காது.

8. நிப்பாட்டின தண்ணி திரும்ப வரும்போது குசினிப் பைப்பை முதலில் திறக்கவேண்டாம். துருவும் மண்ணும் சல்லடையில் போய் அடைத்துவிடும். பாத்ரப் பைப்புக்குச் சல்லடை இல்லை. முதலில் அதைத் திறந்து, மண்ணிறத் தண்ணி தெளிஞ்ச பிறகு மற்றதைத் திறவுங்கோ.

9. கழற்ற முதல் சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்து, அடியில் பழைய துவாய் ஒன்றை விரியுங்கோ. விழுகிற திருகாணி ஓட்டைக்குள் போகாது, கோப்பையும் சிதறாது.

10. கழற்றுற ஒவ்வொரு துண்டையும் முட்டைப் பெட்டியின் குழிகளில் வரிசையாகப் போடுங்கோ. முதல் கழற்றினது முதல் குழியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் எடுங்கோ. பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒன்றும் மிஞ்சாது.

11. இரண்டு கைபிடிப் பைப்பில் எந்தப் பக்கம் ஒழுகுது என்று தெரியாவிட்டால் கீழே உள்ள வால்வுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பாருங்கோ. எதைப் பூட்டச் சொட்டு நிக்குதோ அதுதான். பாதி வேலை மிச்சம்.

12. கைபிடியில் திருகாணியே தெரியவில்லையா? சூடு, குளிர் என்று காட்டுற அந்தச் சின்ன வட்ட மூடிக்குக் கீழேதான் ஒளிஞ்சிருக்கும். பட்டர் கத்தி நுனியால் மெல்ல நெம்புங்கோ. கைபிடி அசையாட்டில் வினாகிரியில் நனைச்ச துணியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, துடைச்சு, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் சூடு காட்டுங்கோ. சுத்தியல் வேண்டாம், அந்தக் காலத்துக் கைபிடி உடைஞ்சால் தேடி எடுக்கிறது கல்லில் நார் உரிக்கிற வேலை.

13. எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு இதுதான். உள்ளிருக்கிற தண்டை, கடைக்காரர் ஸ்ரெம் என்று சொல்லுறதை, கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கோ. படம் காட்டினால் காணாது. எங்கட பக்கத்துப் பழைய வீடுகளில் வோலஸ்பேர்க் ஊரில் செய்த வோல்டெக், ஒன்ராறியோ லண்டனிலிருந்து வந்த எம்கோ என்று ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு நீளம், வேறுவேறு பல்லு. தலையில் இருக்கிற பல்லை எண்ணி, நீளத்தை அளந்து, பழையதோடு புதியதை நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துப் பார்த்துத்தான் காசு குடுக்கவேணும். சூடு, குளிர் இரண்டையும் கொண்டு போங்கோ. சில பைப்புகளில் இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்புற மறை. நான் ஒன்றை மட்டும் கொண்டுபோய், திரும்பவும் ஸ்ரீற்காருக்குக் காசு குடுத்தனான்.

14. பெரிய கடைகளின் அலுமாரியில் இல்லையென்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குழாய்ச் சாமான் மட்டும் விக்கிற சின்னக் கடைகளில், வயசான ஆள் ஒருவர் லாச்சியை இழுத்து அதே தண்டை எடுத்துத் தருவார். காலைநேரம் போங்கோ, சனம் குறைவு.

15. கடை பூட்டின நேரத்தில் வாசர் போனால், பழையதைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போடுங்கோ. தட்டை வாசர் என்றால் இப்படிக் கொஞ்ச நாள் ஓடும். ஊரில் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டுச் சமாளித்த ஆக்கள்தானே நாங்கள். ஆனால் சுடுதண்ணிப் பக்கம் அந்த ரப்பர் கெதியில் இளகிப்போகும்.

16. புது வாசரும் ஒரு மாதத்தில் கடிபட்டுப் போனால் குற்றம் வாசரில் இல்லை, அது போய் இருக்கிற பித்தளை இருக்கையில். ரோர்ச் அடித்துப் பாருங்கோ, விரலால் தடவுங்கோ. பள்ளமோ சொரசொரப்போ தட்டுப்படும். எல் எழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு சாவியால் அந்த இருக்கையைக் கழற்றி மாற்றலாம். கழற்ற முடியாத மாதிரி என்றால் தேய்த்து மட்டமாக்குற சின்னக் கருவி ஒன்று கடையில் இருக்கு.

17. பூட்டியிருக்கேக்க ஒழுகாமல், திறந்தால் மட்டும் கைபிடியடியில் கசியுதா? வாசரை மாற்றி வீணாக அலையாதேங்கோ. தண்டைச் சுற்றியிருக்கிற நட்டை ஒரு பொட்டு இறுக்குங்கோ. நிக்காவிட்டால் அதற்குள் சுற்றுற நூல்போன்ற பக்கிங்கை மாற்றுங்கோ.

18. பல ஒற்றைக் கைபிடிப் பைப்புகளுக்கு உள்ளே வாசர் இல்லை, காட்ரிட்ஜ். ஒற்றைக் கைபிடி என்பதே 1937இல் சுடுதண்ணி கையில் கொட்டின கோபத்தில் அல் மோயன் என்ற அமெரிக்க மாணவர் யோசித்தது. 1947இல் விற்பனைக்கு வந்தது. அந்த வகையில் காட்ரிட்ஜைப் பிடிச்சிருக்கிற சின்னக் கம்பி ஊசியை முதலில் இழுத்தெடுத்தால்தான் அது வெளியில் வரும். பூட்டின பிறகு சூடும் குளிரும் இடம் மாறி வந்தால் பதறாதேங்கோ. தண்டை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் சரி.

19. கைபிடிக்குக் கீழே குண்டு மாதிரித் தெரிஞ்சால் அது டெல்ரா வகை. அமெரிக்காவுக்கு அகதியாகப் போன ஆர்மீனியர் அலெக்ஸ் மனூகியன் 1954இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் போறது இரண்டு குட்டி ரப்பரும் இரண்டு ஸ்பிறிங்கும்தான். மலிவான சின்னப் பைக்கற்றாகவே விக்குது.

20. ரப்பர் வளையங்களுக்கு வாசலின் பூசாதேங்கோ, ரப்பர் ஊதிப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சிலிக்கோன் கிறீஸ் ஒரு சின்னச் சிமிழ் வாங்கினால் வருசக்கணக்குக்குக் காணும்.

21. வெள்ளை ரேப்பை மறை திரும்புற பக்கமாகவே மூன்று நாலு சுற்றுச் சுற்றுங்கோ. எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போது கழன்று சுருண்டுவிடும். உள்ளே ரப்பர் இருக்கிற இணைப்புக்கு ரேப்பே தேவையில்லை.

22. குசினிப் பைப்பில் தண்ணி நூலாக வந்தால் வாயில் இருக்கிற சல்லடையைக் கழற்றி இரவு வினாகிரியில் போடுங்கோ. காலையில் பழைய பல்லுப் பிரஷால் தேய்த்தால் புதுசு மாதிரி. குறட்டால் பிடிக்கும்போது றப்பர் பாண்ட் ஒன்றைச் சுற்றிக்கொண்டால் குரோமியத்தில் கீறல் விழாது.

23. ரொய்லெற் களவாகத் தண்ணி குடிக்குதா என்று பார்க்க, தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு இருபது நிமிசம் தண்ணி இழுக்காமல் விடுங்கோ. கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடியிலிருக்கிற ஃபிளாப்பர் பிடிக்கேல்லை. மஞ்சள்தூள் போடாதேங்கோ, கறை போகாது. (யார் போட்டது என்று கேட்கவேண்டாம்.)

24. ஃபிளாப்பர் வாங்க முதல் அடி ஓட்டையை அளவுங்கோ. பழையது அனேகமாக இரண்டு அங்குலம், புதுசுகளில் மூன்றும் உண்டு. சங்கிலியில் சின்னத் தொய்வு இருக்கவேணும். இழுபட்டால் மூடாது, நீண்டால் அடியில் சிக்கும். தாங்கிக்குள் போடுற புளீச் வில்லைகள் வாசத்துக்கு நல்லம், ரப்பருக்குக் கேடு.

25. பழைய ரொய்லெற்றில் மாற்றக் கஷ்டமான சாமான் எது தெரியுமோ? தாங்கியின் மூடி. உடைஞ்சால் அதே அளவில் தனி மூடி எடுக்கிறது பெரும்பாடு. திறக்கேக்க அதைக் கோப்பைக்கு மேல் சாத்தி வைக்காமல் நிலத்தில் துவாய் மேல் படுக்க வையுங்கோ. உடைஞ்சுதான் போச்சென்றால், தாங்கியின் உட்சுவரில் பதிச்சிருக்கிற இலக்கத்தைக் குறிச்சுக்கொண்டு ரீஸ்ரோர் மாதிரிப் பழைய சாமான் கடைகளில் தேடுங்கோ. ரோசா, வெளிர்பச்சை என்று அந்தக் காலத்து நிறச் சிங்குக்கும் அங்கேதான் சோடி அகப்பட வாய்ப்பு.

26. சிங்குக்குக் கீழே வளைஞ்சிருக்கிற குரோமியக் குழாய் பார்வைக்குப் பளபளக்கும், உள்ளுக்குள் கடதாசி மாதிரி மெலிஞ்சிருக்கும். குறட்டால் நசிக்காதேங்கோ. வாசரை மட்டும் மாற்றுறதென்றால் குளியலறைக்கு ஒன்றேகால் அங்குலம், குசினிக்கு ஒன்றரை. கையால் இறுக்கி, பிறகு கருவியால் கொஞ்சம்.

27. கறிச்சட்டி கழுவ முதல் எண்ணெயைப் பழைய கடதாசியால் துடைச்சுக் குப்பையில் போடுங்கோ. கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, சோத்துப் பருக்கை எல்லாம் சிங்கில் போனால் கீழ்மாடி வீட்டுச் சிங்கில் எட்டிப்பார்க்கும், குழாய் எல்லாருக்கும் பொது. டொலர் கடைக் கம்பிச் சல்லடை ஒன்றே இதற்கு மருந்து.

28. அடைப்பெடுக்கிற கடுமையான திராவகத்தைப் பழைய உலோகக் குழாய்க்குள் ஊத்தாதேங்கோ. அடைப்பும் போகாமல் திராவகமும் உள்ளே நின்றால், பிறகு கழற்றுறவர் கையும் வெந்துபோகும். ரப்பர் பம்பால் இழுங்கோ. பக்கத்தில் இருக்கிற மேல் ஓட்டையை ஈரத்துணியால் அடைச்சால்தான் இழுவை பிடிக்கும்.

29. பாத்ரப் ஓரத்துக்குச் சிலிக்கோன் பூசுறதென்றால் முதலில் ரப்பைத் தண்ணியால் நிரப்புங்கோ. பாரத்தில் அது கொஞ்சம் இறங்கும். இறங்கி நிக்கேக்க பூசி, காஞ்ச பிறகு தண்ணியை விட்டால் வெடிப்பு வராது.

30. சுடுதண்ணி வெதுவெதுப்பாகத்தான் வருகுது என்றால் குசினித் தேர்மோமீற்றரைப் பிடிச்சுப் பாருங்கோ. 43 பாகை செல்சியஸுக்குக் குறைஞ்சால் அது உங்கட பைப்பின் குற்றமில்லை, கட்டடத்தின் குற்றம். முறைப்பாட்டில் அந்த இலக்கத்தையும் எழுதுங்கோ.

31. கட்டடக்காரர் சுவரைத் திறந்து வைத்திருக்கிற நேரம் குழாய் முழங்கையில் வெள்ளைச் சாந்து மாதிரிச் சுற்றியிருந்தால் சுரண்டவே வேண்டாம். அந்தக் காலத்துக் கட்டடங்களில் அது அஸ்பெஸ்ரஸ் ஆக இருக்கலாம். கதவைச் சாத்திப்போட்டு ஓஃபிசுக்குச் சொல்லுங்கோ.

32. கறண்ட் போனால் மேல்மாடிக்குத் தண்ணி ஏத்துற பம்பும் நிக்கும். 2003 ஆகஸ்ட் 14 இருட்டில் இதைப் படிச்ச ஆக்கள் பலர். திறந்து பார்த்த பைப்பைப் பூட்ட மறக்காதேங்கோ, இல்லாவிட்டால் வெளியில் போயிருக்கேக்க தண்ணி வந்து கீழ்வீட்டுக் கூரையை நனைக்கும். ரொய்லெற்றுக்கென்று ஒரு வாளித் தண்ணி எப்பவும் நிக்கட்டும்.

33. இனி ட்ரெய்லர். எங்கடது போலர், முட்டை மாதிரி உருண்ட ஃபைபர் வண்டி. 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ தொடங்கினது. அவர் அதற்கு முன் ஃபைபரில் மலக்கிடங்குத் தொட்டி செய்தவர் என்று கேட்டபோது மனுசி உள்ளே சமைக்கமாட்டன் என்று நின்றுவிட்டா. இதின் சிங்குக்குக் கைப்பம்பி. ஊர்க் குழாய்க்கிணறு மாதிரியேதான். பம்பி வெறுமனே ஆடினால் உள்ளே கிண்ண வாசர் காய்ஞ்சிருக்கும். இரவு முழுக்கத் தண்ணியில் ஊறப்போட்டுப் பாருங்கோ, முழுப் பம்பியும் மாற்றத் தேவை வராது.

34. பழைய ட்ரெய்லரில் சாம்பல் நிற வளையுற குழாய் கண்டால் வாங்க முதல் விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. பொலிபியூட்டிலீன் என்கிற அந்தக் குழாய் 1978 தொடக்கம் 1995 வரை பாவனையில் இருந்தது, இணைப்புகள் வெடிக்கும். ஒட்டுப்போட்டு மினக்கெடாமல் பெக்ஸ் குழாய்க்கு மாற்றுறதுதான் கடைசியில் மலிவு.

35. ட்ரெய்லர்ப் பைப்பின் மறை அனேகமாகப் பிளாஸ்ரிக், வீட்டுக் கைப்பலத்தைக் காட்டினால் கீறிவிடும். முகாம் இடத்துக் குழாயில் நேரே பூட்டாமல் அழுத்தம் குறைக்கிற சின்னப் பித்தளைக் கருவியை இடையில் போடுங்கோ. மாற்றுப் பைப் தேட முதல் இரண்டு துளைகளுக்கிடையில் அளவுங்கோ. நாலு அங்குலம் என்றால் வீட்டுக் கைகழுவுற சிங்கின் பைப்பே பல தடவை பொருந்தும்.

36. தாங்ஸ்கிவிங் முடிஞ்ச கையோடு ட்ரெய்லர்த் தண்ணியை வடியவிட்டு ரோசா நிற அன்ரிஃபிறீஸ் இழுத்துவிடுங்கோ. காருக்கு ஊத்துற பச்சை நஞ்சு, கிட்டவும் கொண்டு வரவேண்டாம். சிங்குக்குக் கீழே வளைவிலும் ஒரு கோப்பை ஊத்துங்கோ. அதில் நின்ற தண்ணி உறைஞ்சுதான் எங்கட முதல் வருசக் குழாய் வெடிச்சது.

37. மாற்றின பழைய தண்டு, பாதி நல்ல வாசர், மிஞ்சின திருகாணி எல்லாவற்றையும் ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு, எந்தப் பைப்பினது என்று ரேப்பில் எழுதி ஒட்டுங்கோ. எங்கட மாடியில் இப்ப பைப் ஒழுகினால் சனம் முதலில் வந்து தட்டுறது அந்த ரின்னைக் கேட்டுத்தான். போன கிழமை வாங்கிக்கொண்டு போனவை இன்னும் திருப்பித் தரேல்லை.